தகரப் பெட்டியும் தற்காப்பும்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பாட்டாளிகள் வாழ்ந்த லயத்து வீடுகளில் பொருள்கள் மிகச் சிலவே இருந்தன. அடுப்பு, அம்மி, சில பாத்திரங்கள், பாய், தலையணை என்று விரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம். ஆயினும் அவ்வீடுகளுள் பெரும்பாலானவற்றில் தவறாமல் காணப்பட்ட பொருள் ஒன்று உண்டு. அதுவே பூட்டுடன் கூடிய தகரப் பெட்டி. வேட்டி, சேலையின் அடியில் சிறிதளவு பணம், குன்றிமணித் தங்கம், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், தாள்கள் ஆகியவை அதனுள் துயின்றன. வீட்டில் தீப்பற்றினாலும், ஆறு பெருகினாலும், தோட்டத்தை விட்டு வெளியேற நேர்ந்தாலும், முதலில் கைக்கு வந்தது அந்தப் பெட்டியே.

இக்காலத்தில் அரசுகளும் தற்காப்புத் துறையினரும் ஒவ்வொரு வீட்டிலும் அவசரகாலப் பை ஒன்று ஆயத்தமாய் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். இதனை மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. அப்பையில் இடம்பெறும் தண்ணீர், உணவு, மருந்து, விளக்கு, பணம், ஆவணம் ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் இம்மண்ணில் நிகழ்ந்த ஓர் இழப்பு இருக்கின்றது. ஒரு நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் எந்தப் பொருள் எப்போது, ஏன் அப்பெட்டிக்குள் வந்தது என்பது தெளிவாகும்.

கடல் கடந்து வந்த பெட்டி

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களில் வந்து இறங்கினர். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல், 1970களின் தொடக்கம் வரை இவ்வழியில் ஓடி, மூன்று தலைமுறையினரின் நினைவில் இடம்பெற்றது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் மலாயாவில் முடிவுற்றது. அதன்பின் கங்காணி முறையில் ஆட்கள் வந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது.

கப்பலில் வந்தவர் கையோடு கொண்டு வந்தது பெட்டி ஒன்றும் மூட்டை ஒன்றுமே. தொற்றுநோய்த் தடுப்புக்காகப் பினாங்கின் ஜெரெஜாக் தீவு போன்ற இடங்களில் அவர்கள் தங்க வைக்கப்பட்டனர். ஊர் திரும்பும் நாள் என்றோ ஒரு நாள் வரும் என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ஆகவே பெட்டி எந்நேரமும் பயணத்திற்கு ஆயத்தமாகவே இருந்தது. இஃது அச்சத்தால் எழுந்த ஏற்பாடன்று. நாடோடி வாழ்வு கற்பித்த பழக்கம். பிற்காலத்தில் வந்த துன்பங்களின்போது இப்பழக்கமே பலரைக் காத்தது.

சிவந்த நீரின் பாடம்

1926ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வடகிழக்குப் பருவமழை வரம்பின்றிப் பொழிந்தது. கிளந்தான், திரெங்கானு, பகாங், பேராக் ஆகிய மாநிலங்களின் பேராறுகள் கரையை உடைத்துப் பாய்ந்தன. கோலாலம்பூர் நகரும் கிள்ளான் ஆற்று நீரில் மூழ்கியது. செம்மண் கலந்து ஓடிய அவ்வெள்ளத்தைக் கிளந்தான் மக்கள் 'சிவப்பு நீர் வெள்ளம்' எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லால் இன்றும் குறிப்பிடுகின்றனர்.

வானொலி வீடுகளை எட்டாத காலம் அது. ஆற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழையை ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்வோர் அறிந்துகொள்ள வழியில்லை. நீரின் நிறமும் வேகமுமே அறிவிப்பாக அமைந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் மேட்டு நிலத்திற்கு ஏறினர். ஆற்றங்கரையில் வாழ்ந்த மலாய்க்காரர்கள் தூண்களின் மேல் வீடு கட்டியதும், படகை வீட்டின் கீழே கட்டி வைத்ததும் பல தலைமுறை அறிவின் விளைவுகளாகும். தோட்டத்து லயங்களோ நிறுவனங்களின் வசதிக்கேற்பக் கட்டப்பட்டவை. அவற்றில் குடியிருந்தோர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. எனவே அவர்களிடம் இருந்த ஒரே முன்னேற்பாடு, பெட்டியை உயரத்தில் வைப்பதே.

இவ்வெள்ளத்திற்குப் பின்னர்க் கோலாலம்பூரில் கிள்ளான் ஆற்றின் போக்கு நேராக்கப்பட்டது. 1932ஆம் ஆண்டில் வடிகால், நீர்ப்பாசனத் துறை நிறுவப்பட்டது. ஆற்றை அடக்கும் பொறுப்பை அரசு ஏற்றது. வீட்டைக் காக்கும் பொறுப்போ வீட்டாரிடமே இருந்தது. இந்த இரு பொறுப்புகளும் இணைந்து நடக்க வேண்டியவை என்பதை உணர மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

சப்பானியர் காலத்துக் கல்வி

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. டிசம்பர் 11ஆம் நாள் பினாங்கின் மீது குண்டுகள் விழுந்தன. வானில் வந்த விமானங்களைக் கண்ட மக்கள் ஓடி ஒளியாமல், வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தனர். ஆபத்து எவ்வாறு தோன்றும் என்பதை எவரும் அவர்களுக்குக் கற்பித்திருக்கவில்லை. ஆயுதம் இன்மையினும் அறியாமையே அன்று பெருங்கேடு விளைத்தது. சில நாள்களில் ஆங்கிலேயர் தம் இனத்தாரைப் பினாங்கிலிருந்து அழைத்துச் சென்றனர். உள்ளூர் மக்கள் கைவிடப்பட்டனர். 1942ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரும், பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகள் ஒவ்வொரு குடும்பத்திற்கும் கொடிய பள்ளிக்கூடமாய் விளங்கின. மலாயா தனக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்து வந்தது. அவ்வரவு சுருங்கியதும் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. உப்பு, தீப்பெட்டி, சவர்க்காரம், துணி, மருந்து ஆகியவை அரும்பொருள்களாயின. மலேரியாவுக்கான கொயினா கிடைக்காமல் தோட்டங்களில் உயிர்கள் மடிந்தன. வாழைமரம் அச்சிட்ட சப்பானிய நோட்டுகளை மூட்டையாகச் சேர்த்து வைத்தவர்கள், 1945ஆம் ஆண்டு சப்பான் சரணடைந்தவுடன் அவை வெற்றுத்தாள் ஆனதைக் கண்டனர். பணம் ஒன்றையே பாதுகாப்பு எனக் கொள்ளலாகாது என்னும் பாடம் இவ்வாறு கிடைத்தது.

இவற்றினும் கொடிய பாடம் சயாம்-பர்மா இரயில் பாதையில் கிடைத்தது. 1942ஆம் ஆண்டு தொடங்கி 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிவுற்ற, 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதைக்கு, மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டப்புறத் தமிழர். 1943ஆம் ஆண்டின் நடுவில் வாந்திபேதி முகாம்தோறும் பரவியது. போர்க்கைதிகளின் முகாம்களில் இராணுவ மருத்துவர்கள் இருந்தனர். கொதிக்க வைத்த நீரன்றி வேறு நீரைப் பருகலாகாது என்று அவர்கள் கண்டிப்பாக விதித்தனர். தமிழ்த் தொழிலாளர்களுக்கு அத்தகைய மருத்துவரும் இல்லை, அறிவுரையும் இல்லை. ஆற்று நீரைப் பருகியோர் கூட்டங்கூட்டமாய் இறந்தனர். ஒரு பானை கொதித்த நீர் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது என்பது கவிஞர் கற்பனையன்று, வரலாற்று உண்மை. அவசரகாலப் பொருள்களின் பட்டியலில் தண்ணீர் முதலிடம் பெறுவதன் காரணம் இதுவே.

சேமிப்பே குற்றமான காலம்

போர் முடிந்தபின் பஞ்சத்தை நேரில் கண்ட தலைமுறை, அரிசியையும் உப்பையும் சேமித்து வைக்கும் வழக்கத்தை விடாது பற்றியது. ஆனால் 1948ஆம் ஆண்டு சூன் மாதம் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு செல்வதைத் தடுக்க அரசு முனைந்தது. 1950ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன.

உணவுக் கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. தகரக் குவளைகளில் அடைத்த உணவை விற்கும்போதே கடைக்காரர் குவளையைத் துளையிட வேண்டும் என்பது விதி. துளையிட்ட உணவை நெடுநாள் வைத்திருக்க இயலாது அன்றோ? சில பகுதிகளில் அரிசியை வீட்டில் வைத்திருக்கவே இசைவில்லை. பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோறே மக்களுக்கு வழங்கப்பட்டது. பால்மரம் வெட்டச் செல்வோர் வேலிவாயிலில் சோதனைக்கு உட்பட்டனர். காலைப் பசியாற உணவை உடன் கொண்டு செல்வதும் குற்றமாயிற்று.

இன்று அரசே மூன்று நாளைக்கான உணவைச் சேமித்து வைக்குமாறு கூறுகின்றது. அன்றோ அதே செயல் தண்டனைக்குரியதாய் இருந்தது. ஒரே நிலத்தில், ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள், ஒரு பிடி அரிசியின் பொருள் இவ்வாறு தலைகீழாக மாறியதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவசரகாலம் 1960ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் முடிவுக்கு வந்தது. ஆனால் சேமிப்பை ஐயத்துடன் நோக்கிய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள், முன்னேற்பாடு என்னும் பழக்கத்தைத் தளர்த்திவிட்டன எனலாம்.

தாள்களின் வலிமை

அதே 1948ஆம் ஆண்டில்தான் மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் அடையாள அட்டை வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அதுவரை தகரப் பெட்டியில் தங்கத்திற்குக் கிடைத்த மதிப்பு, அதன்பின் தாளுக்குக் கிடைத்தது. 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி வாரியம் தோன்றியது. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரராயினர். சேமநிதித் தாளும் பங்குப் பத்திரமும் பிறப்புப் பத்திரத்துடன் பெட்டியில் இடம்பெற்றன.

1957ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. இந்நாட்டில் வாழ்ந்த தமிழர் பலர் குடியுரிமைக்கு மனுச்செய்ய வேண்டியவராயினர். எங்கே பிறந்தார், எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதற்குச் சான்று தேவைப்பட்டது. சான்று வைத்திருந்தவர் நீல அடையாள அட்டை பெற்றனர். பிறர் சிவப்பு அட்டையுடன் நின்றனர். வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதோர் வேலை உரிமம் பெறவேண்டும் என்னும் விதி 1969ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் கடுமை தோட்டப்புறங்களில் நன்கு உணரப்பட்டது. இம்மண்ணிலேயே உழைத்து முதுமை எய்தியோர் பல்லாயிரவர் தகரப் பெட்டியுடன் மீண்டும் கப்பலேறினர். வந்த பெட்டி திரும்பிச் சென்றது. அவர்கள் நட்ட மரங்கள் இங்கேயே நின்றன.

பதிவு செய்யப்படாத பிறப்பு, மழையில் நனைந்து அழிந்த பத்திரம், குடிபெயரும்போது தொலைந்த தாள் ஆகியவை பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையையும், பெரியவரின் வேலையையும், பேரப்பிள்ளையின் குடியுரிமையையும் பாதிக்கக்கூடும். ஆவணமின்றி அல்லலுறும் இந்தியக் குடும்பங்கள் மலேசியாவில் இன்றும் இருக்கின்றன. வெள்ளத்தில் போன கட்டிலை மறுபடியும் வாங்கலாம். வெள்ளத்தில் போன பத்திரத்தால் ஒரு குடும்பம் தலைமுறை கடந்தும் அலைய நேரிடும். ஏனைய சமூகங்களினும் இச்சமூகத்தார் அவசரகாலப் பையில் ஆவணத்திற்குத் தனியிடம் கொடுக்க வேண்டியதன் காரணம் இவ்வரலாற்றில் உள்ளது.

தீயும் நீரும்

சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ குடியிருப்பில் தீ மூண்டது. பலகையும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் நெருங்கி நின்றமையால் தீ காற்றென விரைந்தது. நால்வர் இறந்தனர், ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். தீ கொடுக்கும் கால இடைவெளி மணிக்கணக்கில் அமைவதில்லை; நிமிடக்கணக்கில் முடிந்துவிடும். எதை எடுப்பது என்று எண்ணத் தொடங்குபவர் எதையும் எடுக்க இயலாது. முன்னரே ஒன்றாய்த் திரட்டி வைத்தவர் மட்டுமே ஏதேனும் ஒன்றுடன் வெளியேறுவர்.

1971ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில், பொங்கலுக்குச் சில நாள் முன்னர், கோலாலம்பூரை மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. கிள்ளான், கோம்பாக், பத்து ஆறுகள் ஒருசேரப் பெருகின. 32 பேர் உயிரிழந்தனர். 1,80,000 பேர் பாதிப்புற்றனர். பிரதமர் துன் அப்துல் ரசாக் அதனைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். அவ்வாண்டு இறுதியில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. நெடுங்காலம் கழித்து, 2007ஆம் ஆண்டில், வெள்ளநீரையும் வாகனங்களையும் கொண்டு செல்லும் 9.7 கிலோமீட்டர்ச் சுரங்கம் அந்நகரில் திறக்கப்பட்டது.

அதே 1971ஆம் ஆண்டில் வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி வந்த அகதிகளின் முகாமில் வாந்திபேதி பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சருக்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தார். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலை தட்டிய 6 தேக்கரண்டிச் சருக்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் அக்கரைசல் ஆயத்தமாகும். சயாம் பாதையில் மடிந்தோர்க்கு இவ்வறிவு அன்று கிட்டியிருப்பின் எத்தனை குடும்பங்கள் தழைத்திருக்கும்!

சிங்கப்பூரில் 1978ஆம் ஆண்டு டிசம்பர் 2, 3 ஆகிய நாள்களில் 24 மணி நேரத்திற்குள் 512 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. எழுவர் இறந்தனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

அரசும் வீடும்

மலாயாவில் பொதுத் தற்காப்புத் துறை 1952ஆம் ஆண்டிலேயே தோன்றியது. எனினும் அஃது அவசரகாலத்தின் தேவைகளுக்கென அமைந்ததாகும். இல்லந்தோறும் முன்னேற்பாடு என்னும் கருத்து வலுப்பெறப் பின்னைய பேரிடர்களே காரணமாயின. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சிலாங்கூரின் உலு கிள்ளான் பகுதியில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் மாண்டனர். 1997ஆம் ஆண்டில் பேரிடர் மேலாண்மைக்கான தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் ஆணை வெளிவந்தது. 2015ஆம் ஆண்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் அமைக்கப்பட்டது.

சிங்கப்பூர் சற்று வேறு வழியில் சென்றது. 1942ஆம் ஆண்டின் வீழ்ச்சியை மறவாத அந்நாடு, 1984ஆம் ஆண்டில் முழுமைத் தற்காப்பு என்னும் கொள்கையை அறிவித்தது. நாட்டைக் காப்பது படைவீரர் கடமை மட்டுமன்று, ஒவ்வொரு குடிமகனின் கடமையும் ஆகும் என்பதே அதன் சாரம். 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஓட்டல் நியூ வோர்ல்டு கட்டடம் நொடிப்பொழுதில் நொறுங்கி 33 பேர் உயிரிழந்தனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டனர். அதே ஆண்டில் குடிமைத் தற்காப்புச் சட்டம் நிறைவேறியது. அந்நாட்டின் குடிமைத் தற்காப்புப் படை, கைவிளக்கு, மருந்து, ஊதல், ஆவண உறை முதலியன அடங்கிய ஆயத்தப் பையை வீடுதோறும் வைத்திருக்குமாறு மக்களுக்குக் கற்பித்து வருகின்றது. பிப்ரவரி 15ஆம் நாள் முழுமைத் தற்காப்பு நாளாகப் பள்ளிகளில் நினைவுகூரப்படுகின்றது. தோல்வியின் நாளைப் பாடத்தின் நாளாக மாற்றிய அச்செயல் ஆசிரியர்கள் கருதத்தக்கது.

அண்மை ஆண்டுகளின் எச்சரிக்கை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மலேசியாவில் 68 உயிர்களைக் கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கு, கெடா மாநிலங்களில் இறந்தவர்கள். கடல் பின்வாங்குவதைக் கண்டால் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதை அதற்கு முன்னர் அறிந்தோர் மிகச் சிலரே. 1941ஆம் ஆண்டில் விமானங்களைப் பார்க்கத் தெருவுக்கு வந்தோரின் அறியாமை, வேறு வடிவில் கடற்கரையில் மீண்டும் தோன்றியது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்குக்கரை மாநிலங்களில் பெருவெள்ளம் பாய்ந்து 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோரை இடம்பெயரச் செய்தது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் சிலாங்கூரில் பெய்த அடைமழை, வெள்ளம் என்பது கிழக்குக்கரைக்கே உரியது என்னும் எண்ணத்தைத் தகர்த்தது. ஷா ஆலம் நகரின் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுதும் நீரில் ஆழ்ந்தது. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி மீட்புக்காகக் காத்திருந்தனர். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வெள்ளங்களின் இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. மின்சாரம் அற்றுப்போன வீட்டில் கைத்தொலைபேசி ஓரிரு நாளில் ஊமையாகிவிடும். எல்லாம் தொலைபேசிக்குள் உண்டு என்று நம்பியிருப்போர்க்கு அதன்பின் உறவினர் எண்ணும் நினைவுக்கு வாராது. கடையில் கொடுக்கப் பணமும் இராது. வசதி மிகுந்த காலத்தில் வாழ்வோர், தகரப் பெட்டியின் காலத்தில் வாழ்ந்தோரினும் எளிதில் கையற்றவராகின்றனர். இம்முரண்பாடு ஆழ்ந்து எண்ணத்தக்கது.

இக்காலப் பெட்டி

இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்களைத் தொகுத்தால் இன்றைய வீட்டிற்கான பெட்டி தானே உருவாகும். முதலில் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் வீதம், குறைந்தது மூன்று நாளைக்கு வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்திற்கு இது 45 லிட்டர் முதல் 60 லிட்டர் வரை ஆகும். இவ்வளவையும் தூக்கிச் செல்ல இயலாது. ஆகவே ஒவ்வொருவர் பையிலும் ஒரு புட்டி நீரும், வீட்டின் உயர்ந்த இடத்தில் எஞ்சிய நீரும் இருத்தல் நன்று. ஐயத்திற்குரிய நீர் கிடைக்குமாயின், கொதி வந்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு ஆற்றிப் பருகுதல் வேண்டும்.

அடுத்தது உணவு. அடுப்பின்றி உண்ணத்தக்க ரொட்டி, பேரீச்சை, வறுத்த கடலை, குவளையில் அடைத்த உணவு ஆகியவை பொருந்தும். குவளையைத் திறக்கும் கருவியை மறத்தல் ஆகாது. குழந்தை உள்ள வீட்டில் பால்மாவும், முதியோர் உள்ள வீட்டில் மென்று தின்ன எளிய உணவும் தேவை. மூன்றாவது மருந்து. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் ஒரு வாரத்திற்கான மாத்திரைகளையும், மருந்தின் பெயரும் அளவும் எழுதிய தாளையும் வைத்தல் வேண்டும். காயத்துணி, கிருமிநாசினி, உப்பு, சருக்கரை, முகக்கவசம், சவர்க்காரம் ஆகியவை உடன் சேரட்டும்.

நான்காவது, ஒளியும் ஒலியும். மெழுகுவத்தி தீ விபத்தை அழைக்கும், கைவிளக்கே ஏற்றது. அதற்கும் சிறு வானொலிக்கும் வேண்டிய மின்கலங்கள், தொலைபேசிக்கான சேமிப்பு மின்கலம், கூரையிலிருந்து மீட்போரை அழைக்க உதவும் ஊதல் ஆகியவை சிறியவை, பயனோ பெரியது. ஐந்தாவது பணம். சிறு நோட்டுகளாகவும் சில்லறையாகவும் இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஆவணங்கள். பிறப்புப் பத்திரம், திருமணச் சான்று, குடியுரிமைச் சான்று, வீட்டு நிலப்பத்திரம், கடவுச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை நீர்புகா உறையிலிட்டு அடைத்தல் வேண்டும். ஒவ்வொன்றின் படியையும் வேறு ஊரில் வாழும் உறவினரிடம் ஒப்படைத்தல் அறிவுடைமை. ஒரே வெள்ளம் இரு ஊர்களையும் ஒருங்கே அழித்தல் அரிது. உறவினர், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் எண்களைத் தாளில் எழுதி வைப்பதும் இன்றியமையாதது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் தீயணைப்பு, மருத்துவ உதவிக்கு 995 என்பவற்றைச் சிறாரும் மனப்பாடமாய் அறிந்திருத்தல் வேண்டும்.

பெட்டியை ஆயத்தம் செய்வதினும் அதனைப் பேணுதலே கடினம். காலாவதியான மருந்தும் கெட்டுப்போன மின்கலமும் பொய்யான துணிவையே தரும். இதற்கும் தமிழர் வாழ்வில் நாள் குறிக்கப்பட்டே உள்ளது. தீபாவளிக்கு முன்னர் வீட்டைக் கழுவித் துப்புரவு செய்யும் வழக்கம் எங்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தீபகற்பத்தை அடைவதும் ஏறத்தாழ அதே வேளையில்தான். வீட்டைத் துப்புரவு செய்யும் அந்நாளில் பெட்டியையும் திறந்து, நீரை மாற்றி, மருந்தின் நாளைப் பார்த்து, வளர்ந்துவிட்ட பிள்ளைக்குப் பொருந்தும் உடையை வைத்தால் புதிய கடமை எதுவும் கூடுவதில்லை. பழைய வழக்கம் ஒன்று பொருள் பெறுகின்றது.

பள்ளியின் பங்கு

வெள்ளக் காலத்தில் பள்ளிக்கூடங்களே துயர் துடைப்பு மையங்களாகின்றன. மாணவர் கற்ற வகுப்பறையிலேயே குடும்பங்கள் பாய் விரிக்கின்றன. ஆகவே இப்பாடத்தைத் தொடங்கவும் பள்ளியே உரிய இடம். மாணவர் தத்தம் வீட்டின் பொருள்களைப் பட்டியலிட்டு, ஐந்து நிமிடத்தில் எடுத்துச் செல்லத்தக்கவை எவை என்று தேர்ந்து எழுதினால், அது கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும். வாழ்க்கைப் பயிற்சியாகவும் அமையும். பாட்டன், பாட்டியிடம் கேட்டுச் சப்பானியர் கால நினைவுகள் அக்குடும்பத்தில் எவ்வாறு வழங்கி வருகின்றன என்பதை எழுதச் செய்தால், வரலாறு ஏட்டுச் சுரைக்காயாக நில்லாது.

பெட்டி ஒரு வீட்டை மட்டும் காப்பதற்கன்று. தன் தேவையை மூன்று நாளைக்குத் தானே நிறைவு செய்துகொள்ளும் குடும்பம், மீட்புப் படகு முதியோரையும் நோயாளரையும் நாடிச் செல்ல வழிவிடுகின்றது. ஒரு ரொட்டியையும் ஒரு புட்டி நீரையும் அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்ளவும் அதனால் இயலும். லயத்து வாழ்வில் ஒரு வீட்டு நெருப்பை மறுவீடு இரவல் பெற்றது போன்று, இதிலும் தன்னலமும் பிறர்நலமும் பிரிவதில்லை.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. தகரப் பெட்டிகள் துருப்பிடித்து, சில காட்சிக் கூடங்களிலும் பல குப்பைமேடுகளிலும் சேர்ந்தன. கடல் கடந்து வந்தோர் அதனைப் பூட்டி வைத்தது ஊர் திரும்புவதற்காக. இந்நாடுகளையே தாய்நாடாகக் கொண்ட அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒரு பையை ஆயத்தமாக வைப்பது, வெள்ளம் வடிந்ததும் தம் வீட்டுக்கே திரும்பி வருவதற்காக.